அழிக்க மாட்டேன் என்றாள் செகூலா

என் அண்ணி செகூலாவைப் பற்றி மும்பைக்குப் பக்கத்தில் அம்பர்நாத்தில் எங்கள் பெனே இஸ்ரேல் யூதர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தங்கம் என்பார்கள், மீதிப் பேர் திமிர் பிடித்தவள் என்பார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவள் வைத்த தேங்காய்ப்பால் கோழிக்குழம்பைத் தட்டு பளபளக்க வழித்துச் சாப்பிட்டவர்கள்தான். நான் அவளுடைய நாத்தனார், பெயர் டாலி. ஸ்டேஷனுக்கு மேற்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். நாத்தனார் ஒருத்தி அண்ணியை நல்லவள் என்று சொன்னால் உலகம் நம்பாது. அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், அவளுக்குத் திமிர் உண்டு. எனக்கும் உண்டு.

அவள் பிறந்தது பேண் ஊரில். அப்பா எஸ்ரா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பகலெல்லாம் கையில் கிரீஸ், சாயங்காலமானால் அதே கையில் ஆர்மோனியம். யோசேப்பை அண்ணன்மார்கள் குழியில் தள்ளிய கதை, மோசே நாணல் பெட்டியில் மிதந்து வந்த கதை, எல்லாவற்றையும் மராத்தியில் கீர்த்தனமாகப் பாடுவார். நடுவில் நிறுத்திக் கதை சொல்வார், மறுபடி பாடுவார். யாருக்காவது வேண்டுதல் பலித்து, எலியா தீர்க்கதரிசி பேரில் அவலும் தேங்காயும் சர்க்கரையும் பிசைந்து மலிதா தட்டு வைத்தால் எஸ்ரா வந்தே ஆக வேண்டும். அவருக்குப் பின்பாட்டுக்கு ஆள் வேண்டுமே! ஆண் பிள்ளை கிடையாது. பின்பாட்டும் ஜால்ராவும் செகூலாதான். பெண் பிள்ளை பாடலாமா என்று அந்தக் காலத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. தாளம் தப்பினால்தான் திட்டு விழும்.

வயது வந்ததும் கல்யாண் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். என் அண்ணன் நிஸ்ஸிம் அப்போது ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். ஆபீஸ் வேலையாகப் பூனாவுக்குப் பேசப் போனவன், லைன் கிடைத்த பிறகும் பூனாவை விட்டுவிட்டு, "நீங்க நம்ம ஆளா? பேச்சுல தெரியுதே" என்றானாம். "பூனா காத்துக்கிட்டிருக்கு, அவங்களோட பேசுங்க சார்" என்று வெடுக்கென்று சொன்னாளாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவனுக்குப் பூனாவில் அப்படி என்ன வேலை வந்தது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் கேலி ஓடுகிறது. அண்ணன் வாயில்லாப் பூச்சி. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான்.

நான் சொல்ல வந்த பாட்டு விவகாரம் கெட்டியால் ஆரம்பித்தது. கெட்டி எங்கள் தெருக்காரி, அண்ணியின் உயிர்த்தோழி. கணவர் போன பிறகு மகளோடு இருக்க இஸ்ரேலில் அஷ்தோத் நகரத்துக்குப் போய்விட்டாள். மகன் மெனாஷே மட்டும் இங்கே. போன புதிதில் வாரம் தவறாமல் ஃபோன் போட்டு அழுவாள்.

"செகூலா, இங்கே எல்லாம் இருக்குடி. லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு. ஆனா பக்கத்து ஜெபக்கூடத்துல பெரியவர் ஒரு மணி நேரம் ஹீப்ருவுல பேசறாரு. எனக்கு ஒரு எழுத்துப் புரியல. ஊமை மாதிரி உக்காந்துட்டு வரேன்."

"சரி, அழாதே. இந்த வாரத்துப் பகுதியை நான் சொல்றேன், கேட்டுக்கோ" என்றாள் அண்ணி.

எங்கள் வேதமான தோராவில் வாரம் ஒரு பகுதி வாசிப்பு உண்டு. அந்தப் பகுதியை அண்ணி ஃபோனில் மராத்தியில் கதையாகச் சொல்ல ஆரம்பித்தாள். கெட்டி அதைக் குரல் செய்தியாக அனுப்பச் சொன்னாள். அனுப்பியதை அவள் அதே நாட்டில் டிமோனா ஊரில் நாலு பேருக்குத் தள்ளிவிட்டாள், அந்த நாலு பேர் லோதில் பத்துப் பேருக்குத் தள்ளினார்கள். வயதான பெண்கள்தான் எல்லாரும். பிள்ளைகள் வேறு பாஷையில் வளர்ந்துவிட, வீட்டுக்குள்ளேயே அந்நியமாகிப் போனவர்கள். கடைசியில் நான்தான் சொன்னேன், "அண்ணி, ஒவ்வொருத்தருக்கா அனுப்பிச் சாகாதே. சேனல் ஒண்ணு ஆரம்பிச்சுடலாம்."

சமையலறை மேஜை, எஸ்ராவின் ஆர்மோனியம், பின்னால் எங்கள் ஃபிரிட்ஜ், சேனல் பெயருக்குக் கீழே எங்கள் ஜெபக்கூடத்துப் பெயர். ஃபோனைப் பிடிப்பது நான். முதல் நாளே சண்டை.

"லிப்ஸ்டிக்கா? நான் என்ன சினிமாக்காரியா?"

"தோரா சொல்ற வாய் வெளுத்துப் போய்க் கெடக்கணும்னு எங்கேயும் எழுதலை. காட்டு அண்ணி உதட்டை."

அவள் சொல்லும் விதமே தனி. ஆபிரகாம் விருந்தாளிகளை உபசரித்த பகுதி வந்தபோது கேமராவை முறைத்துப் பார்த்து, "ஆபிரகாம் சோறு போட்டார், ஆபிரகாம் சோறு போட்டார்னு ஆயிரம் வருஷமா சொல்றாங்க. மூணு படி மாவைப் பிசைஞ்சது யாரு? அந்த வெயில்ல அடுப்பு முன்னாடி நின்னது யாரு? சாரா கிழவி! இந்த வயசுல பிள்ளையான்னு அவ சிரிச்சான்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கறாங்க, வேர்த்ததை மறந்துட்டாங்க" என்றாள். அந்த வாரம் அஷ்தோத்திலிருந்தும் லோதிலிருந்தும் வந்த கமெண்டுகளைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சொல்லி முடித்ததும் தன் அப்பா சொல்லிக் கொடுத்த கீர்த்தனத்தில் ஒன்றைப் பாடுவாள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. எஸ்ராவின் பாட்டுகள் எதுவும் எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதில்லை. அவள் தொண்டையிலும் அந்தச் சேனலிலும் மட்டும்தான் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைத்தான் அழிக்கச் சொன்னார்கள்.

சொன்னவன் வேறு யாருமில்லை, கெட்டி பெற்ற மெனாஷேதான். சின்ன வயதில் அவன் அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு எங்கள் வீட்டில் தூங்கியவன். நல்ல பையன். ஜெருசலேமுக்குப் போய் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தான். போகும்போது பையன், வரும்போது கருப்புத் தொப்பியோடு சட்டப் புத்தகம். எங்கள் ஜெபக்கூடத்துக் கமிட்டியில் செக்ரெட்டரி ஆனான். அதன் பிறகு தொட்டதற்கெல்லாம் முறை. சப்பாத்தி வைத்து ஆசீர்வாதம் சொன்னால் முறையில்லை, திராட்சை மதுவுக்குப் பதில் உலர்திராட்சை ஊறவைத்த சாறு முறையில்லை, மலிதா எங்கே எழுதியிருக்கிறது, கீர்த்தனம் யார் சொன்னது. அண்ணியிடம் வந்து, "அத்தை, ஆம்பளைங்க கேட்கற இடத்துல பெண் குரல்ல பாட்டு வரக் கூடாது" என்றான்.

"சரிப்பா. சாப்டியா?" என்றாள் அண்ணி.

"அத்தை, நான் சீரியஸா சொல்றேன்."

"நானும் சீரியஸாத்தான் கேக்கறேன். மீன் இருக்கு, உக்காரு."

உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். ஆனால் விடவில்லை. மழை விட்டாலும் தூவானம் விடாது என்பதுபோல வாட்ஸ்அப்பில் சொட்டிக்கொண்டே இருந்தான்.

போன ஜனவரியில் செங்கடலைத் தாண்டும் பகுதி வந்தது. கடல் பிளந்து, ஜனங்கள் கரையேறி, மோசேயின் அக்கா மிரியாம் தப்பு மேளத்தை எடுத்து அடிக்க, பெண்களெல்லாம் அவள் பின்னால் ஆடிப் பாடிக்கொண்டு போகும் பகுதி. அண்ணிக்கு வருஷத்தில் மிகவும் பிடித்த வாரம் அது. அஷ்தோத்காரிகள் ஒரு கோரிக்கை வைத்திருந்தார்கள். நீ வியாழக்கிழமை போடுகிறாய், ஆளாளுக்கு ஒரு நேரத்தில் பார்க்கிறோம், ஒருத்தரோடு ஒருத்தர் பேச முடியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் மணிக்கு மூன்றுக்கு வரும்படி வைத்தால், ஓய்வுநாளான சபாத்துக்குச் சமைத்துக்கொண்டே எல்லாரும் சேர்ந்து பார்ப்போம், சேர்ந்து எழுதுவோம் என்றார்கள். நேரம் குறித்து வைத்தால் அதுவே தானாக ஓடும், நான் அதைச் செய்துவிடுவேன். ஆனால் அவர்களுக்கு மூன்று மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. ஜனவரியில் ஆறரைக்கு இங்கே அண்ணி விளக்கேற்றி, சூரியன் விழுந்து, சபாத் வந்துவிட்டிருக்கும். விளக்கேற்றிய பிறகு மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை நாங்கள் நெருப்பு மூட்டுவதில்லை, ஃபோனைத் தொடுவதில்லை.

"அண்ணி, இது வம்பு. யாராவது கேப்பாங்க" என்றேன்.

அவள் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் தணல்ல பானையை வைக்கறோம். ராத்திரி பூரா அது தானா வேகுது. சனிக்கிழமை சாப்பிடறோம். நாம தொடறோமா?"

"இல்லை."

"அவங்க ஊர்ல அப்ப சபாத்தா?"

"இல்லை, அங்கே இன்னும் வெயில் அடிக்கும்."

"அப்ப வை. அவங்க சேர்ந்து பார்க்கட்டும்."

புதன்கிழமை படம்பிடித்தோம். அண்ணன் பீரோ மேலிருந்து தப்பு எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தான். மிரியாம் பாட்டை அண்ணி அன்றைக்குப் பாடினாளே, அப்பப்பா! கண்ணை மூடிக்கொண்டு, தலைமுடி கலைய, நான் போட்ட மேக்கப் எல்லாம் வழிய. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு நாங்கள் அமைதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் அஷ்தோத்தில் அடுப்படிகளில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். நினைக்கவே நன்றாக இருந்தது.

சனி ராத்திரி சபாத் முடிந்து ஃபோனைத் திறந்தால், கமிட்டி குரூப்பில் மெனாஷேயின் செய்தி. சபாத் வேளையில் காணொளி வெளியிட்டது, பெண் குரலில் பாட்டு, பஜனைச் சாயலில் தோராவை இழிவுபடுத்தியது. தணல் பானை மாதிரி அது தானாக ஓடியது என்று நான் பதில் எழுதியும் பயனில்லை, ஞாயிறு மாலை கூட்டம். பாட்டு வருகிற எல்லாக் காணொளிகளையும் அழிக்க வேண்டும், மறுத்தால் நிஸ்ஸிம் குடும்பத்தை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வருகிறானாம். எங்களைப் போன்ற சின்ன ஊரில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நல்லது கெட்டதுக்குக் கூடம் கிடையாது. செத்தால் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் இருந்தே ஆக வேண்டும், வரலாமா என்று யோசிப்பார்கள். அண்ணன் அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மெனாஷே எதிரில் வந்திருந்தால் அந்தத் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். அண்ணி மட்டும் காலையில் எழுந்து வழக்கம்போல மாவு பிசைந்தாள். ஆனால் உப்புப் போட மறந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. வருஷத்தின் பெரிய பண்டிகைக்குக்கூட இத்தனை கூட்டம் வராது. தலைவர் ஹஸ்கேல் மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லாரையும் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுத்தப் பார்ப்பார், ஒருத்தரையும் சந்தோஷப்படுத்தியதில்லை. மெனாஷே எழுந்து, சுவரில் இருந்த டிவியில் தன் ஃபோனை இணைத்து, "ஆதாரம் இதோ" என்று ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டான்.

அண்ணி வாயைத் திறந்து, கையில் தப்போடு, அவ்வளவு பெரிதாகச் சுவரில் நின்றாள். பக்கத்தில் கமெண்டுகள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள், சிலர் கூர்ந்து பார்த்தார்கள். நான் படத்தின் மேல் மூலையைப் பார்த்தேன். ஃபோனின் கடிகாரமும் படத்தோடு சேர்ந்து விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை, ஆறு ஐம்பத்திரண்டு.

"மெனாஷே! இந்தப் போட்டோ யாரு ஃபோன்ல எடுத்தது?" என்று எழுந்து நின்று கேட்டேன்.

"என் ஃபோன்லதான். ஏன்?"

"யாரு எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன், டாலி அக்கா. ஆதாரம் வேணாமா?"

"மேல மணி என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன், என் கண்ணு சரியில்ல."

நுணலும் தன் வாயால் கெடும். அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் முன் வரிசையில் இருந்தவர்களும் படித்துவிட்டார்கள்.

"அட! சபாத்துல ஃபோனை நோண்டினது நீதானேப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூடமே வெடித்துச் சிரித்தது. "அவ பானை தானா வெந்துது, நீ அடுப்பையே ஊதியிருக்கியே" என்றார் இன்னொருத்தர். ஒரு பெண் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டாள். மெனாஷே காது வரைக்கும் சிவந்து நின்றான். எனக்கு, உள்ளதைச் சொல்கிறேன், பாயசம் குடித்த மாதிரி இருந்தது. நான் இன்னும் நிறுத்தவில்லை. "இருங்க இருங்க, கமெண்ட்டையும் படிக்கறேன்! 'செகூலா, தொண்டை இன்னும் அப்படியே இருக்குடி, கண்ணு படப்போகுது.' எழுதினது யாரு? கெட்டி, அஷ்தோத்! பெத்த தாய் அங்கே ஆமென் போடறா, புள்ள இங்கே கேஸ் போடறான்!"

"டாலி, உக்காரு" என்றாள் அண்ணி.

"என்ன அண்ணி, கையும் களவுமா மாட்டியிருக்கான்!"

"உக்காருன்னு சொன்னேன்."

அந்தக் குரலுக்கு நான் உட்கார்ந்தேன். அண்ணி எழுந்தாள். முழங்கால் வலியால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"அவன் அம்மா எழுதியிருக்காங்களான்னு பார்க்கத் திறந்திருப்பான். அவங்க அங்கே எழுதினாத்தான் அந்த வாரம் நல்லா இருக்காங்கன்னு அவனுக்கு மனசு ஆறும். எனக்குத் தெரியும், அவனை நான் வளர்த்திருக்கேன். அதை விடுங்க. அதை வச்சு நான் ஜெயிக்க வேண்டாம். அவன் ஃபோனைத் தொடாம இருந்திருந்தாலும் நான் அழிக்க மாட்டேன். அவன் பண்ணின தப்பால நான் சரியாயிட மாட்டேன். நான் பண்ணினது சரின்னா அது தன் கால்ல நிக்கட்டும்."

மெனாஷே நிமிர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் விடவில்லை.

"அத்தை, நான் உங்க எதிரி இல்ல. உலகம் பூரா பார்க்குது அதை. ஆர்மோனியம், தப்பு, பஜனை மாதிரி இழுவை. நாளைக்கு இஸ்ரேல்ல எவனாவது இதைப் பார்த்துட்டு, இவங்க நிஜமாவே யூதருங்களான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

எங்கள் ஆட்கள் யாருக்கும் அந்தக் கேள்வி புதிதில்லை.

"கேட்டாங்களே! ஏற்கெனவே கேட்டாங்களே!" என்றாள் அண்ணி. அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "எங்க பெரியப்பா இஸ்ரேலுக்குக் குடிபோனப்ப அங்கத்து குருமாருங்க கேட்டாங்க. உங்களை நம்ப முடியாது, கல்யாணம் பண்ணி வைக்க மாட்டோம்னாங்க. அவர் என்ன பண்ணினாரு? தன்னை அழிச்சுக்கிட்டாரா? பொண்டாட்டி பிள்ளைங்களோட ஜெருசலேம் ரோட்டுல போய் உக்காந்தாரு. நம்ம ஜனம் பூரா உக்காந்துச்சு, வெயில்ல, சாப்பாடு கட்டி எடுத்துக்கிட்டு. மராத்தியில பாடிக்கிட்டு. அவங்க இறங்கி வர்ற வரைக்கும் எந்திரிக்கல. அவரைக் கேட்டதுக்கே அவர் அழிக்கலை. நீ என்னடான்னா, யாரும் கேட்கறதுக்கு முன்னாடியே அழிச்சுடுங்கறே!"

மெனாஷே தலை குனிந்தான்.

"பஜனை மாதிரி இருக்காம். இருக்கும்! இந்த மண்ணுல இத்தனை தலைமுறை இருந்துட்டு இந்த மண்ணு மாதிரி பாடாம வேற எந்த மண்ணு மாதிரி பாடறது? மொராக்கோக்காரன் மொராக்கோ மாதிரி பாடறான். ரஷ்யாக்காரன் ரஷ்யா மாதிரி பாடறான். அவங்கள யாரும் கூட்டம் போட்டுக் கேட்கல."

சில பெண்கள் கைதட்டினார்கள். ஹஸ்கேல் மாமா மேஜையைத் தட்டினார். எல்லாருக்கும் நடுவில் பாலம் கட்டும் நேரம் வந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"செகூலா, நீ சொல்றதுல நியாயம் இருக்கு. மெனாஷே சொல்றதுலயும் இருக்கு. ஒண்ணு பண்ணு. இந்த மிரியாம் பாட்டை மட்டும் எடுத்துடு. ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் இருக்கட்டும், பேரும் பட்டியல்ல இருக்கட்டும். இதோட விட்டுடுவோம். என்ன?"

கூடத்தில் பெருமூச்சு கிளம்பியது. நல்ல யோசனை, நல்ல யோசனை என்றார்கள். அண்ணன் நிஸ்ஸிம் அவள் முந்தானையைத் தொட்டு, "ஒண்ணுதானே செகூலா, எடுத்துடேன். நாளைக்கு நான் போனா பத்துப் பேர் வேணாமா?" என்றான். அவன் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்த நேரத்தில், ஒழிகிறது சனியன், ஒன்றை எடுத்துவிட்டால் என்ன என்றுதான் தோன்றியது. அண்ணி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டி, "ஃபோனைக் குடு" என்றாள்.

கொடுத்தேன். அழிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். அவள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, ஃபோனை மேஜை நடுவில் வைத்தாள். மணி அடித்தது.

"செகூலாவா? என்னடி இந்நேரத்துல? அடுப்புல பால் வச்சிருக்கேன்."

கெட்டியின் குரல் கேட்டதும் மெனாஷே மேஜைப் பக்கம் ஓரடி வந்துவிட்டான்.

"கெட்டி, உன் புள்ள பக்கத்துல இருக்கான். உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் அண்ணி. அப்புறம் அவனிடம் திரும்பி, "சொல்லுடா. அந்தப் பாட்டை அழிக்கப் போறோம்னு நீயே சொல்லு. உங்கம்மா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்த நிமிஷமே இத்தனை பேர் முன்னாடி என் கையால அழிக்கறேன். ஒண்ணு இல்ல, எல்லாத்தையும்" என்றாள்.

ஐயோ, என்ன காரியம் செய்தாள்! கெட்டி எப்போதும் மகன் சொல்லைத் தட்டாதவள்.

"அம்மா" என்றான் மெனாஷே.

"சாப்டியாடா?"

"சாப்டேம்மா. அம்மா, செகூலா அத்தை பாடினது இருக்குல்ல, மிரியாம் பாட்டு. அது முறையில்லம்மா. எடுத்துடலாம்னு கமிட்டியில பேசறோம்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு நான் உங்களுக்கு நல்ல நல்ல பேச்சா அனுப்பறேன். பெரிய படிப்பாளிங்க பேசினது."

"என்ன பாஷைடா?"

"ஹீப்ரும்மா. சிலது இங்கிலீஷ்."

அந்தப் பக்கம் பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

"மெனாஷே, நான் சொல்றதைக் கேளு" என்றாள் கெட்டி. "இங்கே சபாத்துக்கு சபாத் உன் அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். அந்தப் பெரியவர் பேசறாரு. எல்லாரும் ஆமென் சொல்றாங்க, நானும் சொல்றேன். எதுக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரியாதுடா. செகூலா வியாழக்கிழமை சொல்லி வச்சா, சனிக்கிழமை எதுக்கு ஆமென் சொல்றோம்னு தெரிஞ்சு சொல்றேன். அதையும் நீ எடுத்துட்டா, நான் அங்கே போய் யாரு மாதிரிடா உக்காரணும்?"

சட்டம் எல்லாம் தெரிந்த மெனாஷே தொப்பியைக் கழற்றினான், பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி போட்டுக்கொண்டான்.

"என்னடா, இருக்கியா? பால் பொங்குது."

"இருக்கேம்மா. பாலைப் பாருங்க. ராத்திரி நானே கூப்பிடறேன்" என்று ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து அண்ணியிடம் கொடுத்தான்.

ஹஸ்கேல் மாமா கண்ணாடியைத் துடைத்தார். "செக்ரெட்டரி, தீர்மானம் என்னாச்சு?"

"தீர்மானம் இல்ல மாமா" என்றான் மெனாஷே.

அத்தோடு விட்டாரா மனுஷன்? தலைவர் என்று உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு எழுந்தால் மரியாதையா? "அப்ப நம்ம ஜெபக்கூடத்துப் பேரையாவது அந்தச் சேனல்லேர்ந்து எடுத்துடு, செகூலா. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா எங்க தலையில விழ வேண்டாம்" என்றார்.

"தாராளமா எடுத்துடறேன். எஸ்ரா பொண்ணுன்னு போட்டுக்கறேன். எனக்கு அது போதும்" என்றாள் அண்ணி.

வெளியே வந்தபோது மெனாஷே வாசலில் நின்றிருந்தான். அண்ணியின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டாள், எங்கள் வழக்கப்படி. நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. அண்ணன் முன்னால் நடந்தான். பயம் தெளிந்தவனுக்குப் பசி வந்துவிட்டது, வழியில் வடாபாவ் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணி, அடுத்த வாரம் சீனாய் மலையும் பத்துக் கட்டளையும். அந்தப் பகுதியில பாட்டே கிடையாதே."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள்.

"நான் பாடினா இருக்கும்" என்றாள்.